காலுக்குத் தெரிந்த ஆழம்

எண்ணூர் முதல் பழவேற்காடு வரை, தங்கள் கரையில் நடந்த மாற்றத்தைக் கழியோரக் குப்பங்கள் எப்படிப் பார்க்கின்றன?

அந்தப் பெண் பறியைப் பல்லால் கவ்வியிருக்கிறார். பனையோலையில் முடைந்த சின்னக் கூடை அது. இடுப்பளவுத் தண்ணீரில், முகவாய் நனையும்படி குனிந்து, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் தடவிக்கொண்டே நகர்கிறார். கைகள் தண்ணீருக்குள் வேலையாக இருப்பதால் பறியைப் பிடிக்க வாய்தான் மிச்சம். விரலில் இறால் துள்ளிய கணமே அமுக்கி எடுத்துப் பறிக்குள் போட்டுவிட்டு மறுபடி குனிகிறார். வலை கிடையாது, படகு கிடையாது. எண்ணூர்க் கழியிலும் பழவேற்காடு ஏரியிலும் இருளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் தொழில் இது.

இவர்களிடம் போய் 'சுற்றுச்சூழல் மாற்றம்' என்று கேட்டால் பேச்சு ஓடாது. அடியில் கை வைத்தால் முன்பு என்ன தட்டுப்பட்டது, இப்போது என்ன தட்டுப்படுகிறது என்று கேட்க வேண்டும். அப்போது உள்ளங்கையைத் திருப்பிக் காட்டுகிறார்கள். விரல் நுனியெல்லாம் மெல்லிய கீறல். சேறாக இருந்த இடம் ஓடாகிவிட்டது.

அந்த ஓட்டுக்கு மீனவர்கள் வைத்த பெயர் 'காக்கா ஆழி'. காக்கை நிறத்தில் இருக்கும் சிப்பி. ஒன்றை எடுக்கலாம் என்று கழியோரத்தில் கைவிட்டேன். ஒன்று வரவில்லை, கொத்தாகப் பெயர்ந்து வந்தது. கட்டைவிரல் நகம் அளவுள்ள சிப்பிகள், ஒவ்வொன்றிலிருந்தும் தலைமுடி போன்ற நார்கள் கிளம்பி அடுத்ததைப் பிடித்துக்கொண்டிருந்தன. சேறு, கல், பழைய கயிறு எல்லாம் அந்தப் பின்னலுக்குள் அடக்கம். தென் அமெரிக்க, மத்திய அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த இனம் இது. மைடெல்லா ஸ்ட்ரைகாட்டா என்பது அறிவியல் பெயர். கேரளத்தின் அஷ்டமுடிக் காயலில் பரவியது 2019 வாக்கில் பதிவானது. சரக்குக் கப்பல்கள் சமநிலைக்காக ஒரு துறைமுகத்தில் ஏற்றி இன்னொரு துறைமுகத்தில் இறக்கும் தண்ணீர் வழியாக இது வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

இறாலுக்குச் சேறு வேண்டும். பகலில் அது சேற்றுக்குள் புதைந்துதான் கிடக்கும். அடி முழுக்க ஓட்டுப் பாய் விரித்தால் இறால் எங்கே புதையும்? மஞ்சள் மட்டி எங்கே மூச்சுவிடும்? கொசஸ்தலை ஆற்று மீனவர்கள் இதைச் சொல்லி மனுக் கொடுத்தார்கள், செய்தியாளர்களைப் படகில் ஏற்றிக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். அதன் பிறகுதான் விஷயம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. முதலில் கண்டுபிடித்தவை அவர்களுடைய கைகளும் கால்களும்தான். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததும் அதுதான்: இந்தக் கரையின் கணக்கு அவர்கள் உடம்பில் எழுதப்பட்டிருக்கிறது. அதைக் கடைசியாகக் கேட்பதே நம் வழக்கமாகிவிட்டது.

எங்கள் பக்கத்து ஆறு

நான் செவ்வாப்பேட்டைக்காரன். பழவேற்காடு போக வேண்டுமென்றால் அரக்கோணம் லைன் வண்டியில் பேசின் பிரிட்ஜ் வரை வந்து, கும்மிடிப்பூண்டி வண்டி மாறி, பொன்னேரியில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். ஒரே மாவட்டம்தான். ஆனாலும் எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பழவேற்காடு என்றால் ஞாயிற்றுக்கிழமை நண்டு வாங்கப் போகிற ஊர், மிஞ்சிப்போனால் பூநாரை பார்க்கப் போகிற ஊர். அதற்குமேல் அந்த ஊரோடு எங்களுக்கு ஒட்டுறவு இருப்பதாக நாங்கள் நினைப்பதில்லை.

உண்மையில் இருக்கிறது. எங்கள் ஊருக்கு வடக்கே ஓடும் கொசஸ்தலை ஆறுதான் எண்ணூரில் கடலைத் தொடுகிறது. 1944இல் பூண்டியில் அதன் குறுக்கே நீர்த்தேக்கம் கட்டினார்கள். அதன் பிறகு சென்னைக்குப் போக மிஞ்சிய தண்ணீர்தான் ஆற்றுக்கு. ஆறு கழிக்குக் கொண்டுபோக வேண்டிய நன்னீரும் வண்டலும் அந்த அளவுக்குக் குறைந்தன. பெருமழைக் காலத்தில் மதகு திறந்தால் மட்டும் மொத்தமாக வெள்ளம் வரும்.

ஆற்றுக்கு அடியில் இருந்த தண்ணீரின் கதை இன்னும் கனமானது. பூண்டி, தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர் என்று ஆரணி, கொசஸ்தலைப் படுகை முழுக்கக் கிணறுகள் தோண்டிச் சென்னைக்குத் தண்ணீர் எடுத்தார்கள். விவசாயத்துக்கும் ஆலைகளுக்கும் எடுத்ததும் சேர்ந்துகொண்டது. நிலத்தடியில் நன்னீர் பின்வாங்கப் பின்வாங்க, உப்புநீர் உள்ளே வந்தது. 1969இல் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தூரத்தில் நின்ற உப்பு, 1983இல் 9 கிலோமீட்டர் தூரத்துக்கு வந்துவிட்டிருந்தது. மீஞ்சூர் சுற்றுவட்டாரத்தில் நெல் வயல்கள் கைவிடப்பட்டதற்கும், மாமியார் வீட்டுக் கிணற்றில் துணி துவைத்தால் நுரை வரவில்லை என்று பெண்கள் சொன்னதற்கும் காரணம் இதுதான். பிறகு 2010இல் கடல்நீரையே குடிநீராக்க, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் ஆலை காட்டுப்பள்ளியில் திறக்கப்பட்டது. அந்தத் தண்ணீரும் போவது நகரத்துக்குத்தான்.

கும்மிடிப்பூண்டி வண்டியில் போகும்போது அத்திப்பட்டு புதுநகர் நிலையத்தில் ஒருமுறை எழுந்து நின்று கிழக்கே பாருங்கள். அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகள் வரிசையாக நிற்கும். 1990களில் வடசென்னை அனல்மின் நிலையம், 2012 முதல் வல்லூர். நிலக்கரியை எரித்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் கசிந்த இடத்திலெல்லாம் சாம்பல் ஆற்றில் இறங்கியது. செப்பாக்கம் என்ற சிற்றூர் அந்தச் சாம்பல் குளத்தை ஒட்டியே கிடக்கிறது. காற்று அடித்தால் சோற்றுத் தட்டில் சாம்பல். வேறிடம் தாருங்கள் என்று அந்த மக்கள் பல வருஷமாகக் கேட்கிறார்கள்.

ஆற்றில் இறங்குகிறவர்களுக்குச் சாம்பலைப் பார்க்கவே வேண்டாம். சேறு என்றால் கால் புதையும், விரலிடுக்கில் பிதுங்கும். சாம்பல் படிந்த அடியில் கால் புதையாது. கெட்டியாக, வழுக்கலாக, பூசிய தரை மாதிரி இருக்கும். படகில் போகும்போது துடுப்புக் கழி எவ்வளவு உள்ளே போகிறது என்பதில் ஆற்றின் ஆழம் தெரிந்துவிடும். ஆள் முங்கும் ஆழம் இருந்த இடங்களில் இப்போது நடந்தே போகலாம் என்பதை எண்ணூர்க் குப்பங்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், இடுப்பைத் தொட்டு, முட்டியைத் தொட்டு.

வாய் அடைத்த ஏரி

வடக்கே பழவேற்காட்டில் எல்லாப் பேச்சும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: முகத்துவாரம். சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில், தெற்குக் கோடி மட்டும் தமிழ்நாட்டில். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு. அவ்வளவு பெரிய பரப்புக்குச் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். அதனால் கடலோடு சேரும் வாய் திறந்திருப்பதும் மூடியிருப்பதும் ஏரிக்கு மூச்சு மாதிரி.

இறால் முட்டையிடுவது கடலில், வளர்வது ஏரியில். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பருவத்தில் குஞ்சுகள் ஓதத்தோடு ஏரிக்குள் வரும். சேற்றில் தின்று பெருத்துத் திரும்பக் கடலுக்குப் போகும். மடவை, கொடுவா, நண்டு எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு போக்குவரத்து உண்டு. கோடையில் ஆரணி ஆறு வறண்டுவிடும். உள்ளிருந்து தள்ளத் தண்ணீர் இல்லாதபோது அலை கொண்டுவரும் மணல் வாயை அடைத்துவிடும். அப்புறம் வெயிலில் ஏரித் தண்ணீர் சுண்டி உப்பு ஏறும், உள்ளே இருக்கிற மீன் செத்து ஒதுங்கும். படகு கடலுக்குப் போகவும் வழி இருக்காது. இழுத்துக்கொண்டு மணலைத் தாண்ட வேண்டும், இல்லாவிட்டால் ஓதத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

ஊர் ஊராகப் பணம் போட்டு, ஆள் போட்டு, மண்வெட்டியாலும் பொக்லைனாலும் வாயை வெட்டிவிடுவது இங்கே வழக்கம். வெட்டிய சில வாரங்களில் மறுபடி மூடிக்கொள்ளும். இரண்டு பக்கமும் கல் சுவர் கட்டி வாயை நிரந்தரமாகத் திறந்து வைக்க வேண்டும் என்பது மீனவர்களின் நெடுநாள் கோரிக்கை. தமிழக அரசு 26.85 கோடி ரூபாயில் திட்டம் அறிவித்தது. பறவைகள் சரணாலயப் பகுதி என்பதால் அனுமதிகள் வாங்கவே வருஷங்கள் ஓடின. சரணாலயத்துக்காக விதியைக் கடுமையாகப் பார்ப்பது சரிதான். அதே கடுமை இதே கரையில் சாம்பலுக்கும் கரிக்கும் ஏன் காட்டப்படவில்லை என்று குப்பத்தில் கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வி நியாயமாகவே படுகிறது.

முகத்துவாரத்தில் எவ்வளவு தண்ணீர் என்பதுதான் இந்த ஊரின் காலை வணக்கம். மீட்டர் கணக்கு யாரும் சொல்வதில்லை. கணுக்கால், முட்டி, தொடை, இடுப்பு. அதிலும் முட்டிக்கு மேல் எத்தனை விரல் என்பது வரை சொல்வார்கள். இவ்வளவு நுணுக்கமான அளவு எந்த அலுவலகப் பதிவேட்டிலாவது நாள்தோறும் ஏறுகிறதா என்று யோசித்துப் பார்த்தேன்.

பாடும் சீட்டும்

1613இல் டச்சுக்காரர்கள் ஜெல்திரியா கோட்டையைக் கட்டியபோதும் பழவேற்காட்டில் மீன்பிடித் தொழில் இருந்தது. சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடமாக இருந்து, 1690 வாக்கில் அது நாகப்பட்டினத்துக்கு மாறிப் போனபோதும் இருந்தது. கோட்டை மண்மேடாகிவிட்டது. மிஞ்சியது கல்லறைத் தோட்டம், அதன் வாசலில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள், ஏரி, அப்புறம் 'பாடு'.

பாடு என்பது ஏரியில் இறால் பிடிக்கும் இடம். அந்த இடத்தின் முறையும் பாடுதான். இறால் ஓடும் இடம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்காது. நல்ல இடத்தை ஒருவரே பிடித்துக்கொண்டால் ஊரில் சண்டை. அதனால் தலைக்கட்டுக் கணக்குப்படி பட்டியல் போட்டு, சீட்டுக் குலுக்கி, இன்றைக்கு இந்தக் குழுவுக்கு இந்த இடம், நாளைக்கு வேறு குழுவுக்கு என்று சுற்றிவர விட்டார்கள். சுத்து வலைக்காரர்களின் இந்த ஏற்பாடு கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய மூன்று ஊர்களிடையே நடந்துவந்தது. பொதுச் சொத்தை அழியாமல் பங்கிடுவது எப்படி என்று ஆராய்கிறவர்கள் வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து படித்துப் போன முறை இது.

இதைச் சொல்லும்போது இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் பொய்யாகும். பட்டியலில் பெயர் இருந்தவர்களுக்கு நியாயமாக இருந்த பாடு, இல்லாதவர்களுக்கு மூடிய கதவு. கைதடவும் இருளருக்கும் தலித் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்களுக்கும் நல்ல இடங்களில் உரிமை இல்லை. இறாலுக்கு ஏற்றுமதி விலை கிடைக்க ஆரம்பித்ததும், வேறு வேலை பறிபோனவர்கள் எல்லாம் ஏரிக்குத் திரும்பியதும் உரசல் முற்றியது. பஞ்சாயத்து, காவல் நிலையம், நீதிமன்றம் வரை வழக்குகள் போயின. ஏரி தாராளமாக இருந்த காலத்தில் சாதி வேலிகளைக் கண்டுகொள்ளாமல் வாழ முடிந்தது. ஏரி சுருங்கச் சுருங்க வேலி கண்ணை உறுத்துகிறது. தண்ணீரில் நடக்கும் மாற்றத்தையும் ஊருக்குள் நடக்கும் மாற்றத்தையும் தனித்தனியாக எழுத இந்தக் கரை இடம் கொடுக்காது. வாய் மூடினால் இறால் குறையும். இறால் குறைந்தால் பாட்டின் முறை வந்த நாளிலும் டீசல் காசு தேறாது. முறைக்கு மதிப்பு இல்லையென்றால் பஞ்சாயத்துப் பேச்சுக்கு மதிப்பு இல்லை. அப்புறம் பையனைச் சிப்காட் தொழிற்பேட்டைக்கு அனுப்பு என்று வீட்டில் பேச்சு எழும்.

நகர்ந்துகொண்டே இருக்கும் மணல்

சோழமண்டலக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே பயணம் போகிறது. குறுக்கே கல் சுவர் வைத்தால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டியபோது மெரினா அகன்றதும் ராயபுரம் பக்கம் கடல் ஊருக்குள் வந்ததும் நூறு வருஷத்துக்கு மேலாக நாம் கண்ணால் காணும் பாடம். பாடம் தெரிந்த பிறகுதான் 2001இல் எண்ணூரில் காமராஜர் துறைமுகம் வந்தது, அதற்கு வடக்கே 2013இல் காட்டுப்பள்ளித் துறைமுகம் வந்தது.

கப்பல் கட்டும் தளத்துக்காகக் காட்டுப்பள்ளி குப்பம் தன் பழைய இடத்தை விட்டு நகர்ந்தது. கடலோரத்தில் இருந்த ஊர் கடலோரத்திலிருந்து எழுந்து போனது. நிரந்தர வேலை என்ற வாக்குறுதியை நம்பிப் போனவர்கள், ஒப்பந்தக் கூலியாகவே வருஷங்கள் கழிந்ததும் சாலையில் உட்கார்ந்து போராட வேண்டிவந்தது. மீனவன் என்ற அடையாளத்தைக் கொடுத்துவிட்டு வாங்கியது, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய ஓர் அட்டை.

2018இல் காட்டுப்பள்ளித் துறைமுகம் அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. 330 ஏக்கரில் இருக்கும் அதை 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. அதில் ஏறக்குறைய 2,000 ஏக்கர், கடலையே மண் போட்டு நிரப்பி உண்டாக்க வேண்டியது. பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் 2021 ஜனவரி 22 என்று அறிவித்துத் தள்ளிப்போனது. மறுபடி 2023 செப்டம்பர் 5 என்று அறிவித்து அதுவும் தள்ளிப்போனது. இரண்டு முறையும் குப்பங்கள் திரண்டு எதிர்த்தன. வரைபடத்தில் நீல நிறமாகத் தெரியும் அந்த 2,000 ஏக்கர் அவர்களுக்கு வெறும் தண்ணீர் அல்ல. எந்த மாதம் எங்கே கிழங்கான் நிற்கும், எங்கே நண்டு வலை போடலாம், எந்த இடத்தில் அடி பாறை, எந்த இடத்தில் சேறு என்று பெயர் சொல்லி அழைக்கும் இடம். கரையோரக் கடலில்தான் சின்னப் படகுக்காரர்களின் பிழைப்பு. கரையைத் தள்ளிப்போட்டால் ஆழ்கடலுக்குப் போக அவர்களிடம் விசைப்படகு இல்லை.

இவர்களை வளர்ச்சிக்கு எதிரிகள் என்று தொலைக்காட்சி விவாதங்களில் சொல்கிறார்கள். எனக்கு அது வலிக்கிறது. முகத்துவாரச் சுவர் கட்டு என்று கேட்பவர்கள் இவர்களே. நிரந்தர வேலை கொடு என்று கேட்பவர்களும் இவர்களே. ராக்கெட் ஏறும் நாளில் கடலுக்குப் போகாதே என்றால் வலையைக் காயப்போட்டுவிட்டு வானத்தைப் பார்த்து நிற்பவர்களும் இவர்களே. 1971இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியதிலிருந்து இந்தக் கரை நாட்டுக்காக எத்தனையோ நாள் கூலியை விட்டுக்கொடுத்திருக்கிறது.

அந்த டிசம்பர்

2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு வெள்ளமாக மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் கிளம்பிப் பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலையில் இறங்கியது. படகு, வலை, கண்டல் மரத்தின் வேர், வீட்டுச் சுவர், கூழைக்கடாவின் இறக்கை, எல்லாவற்றிலும் ஒரே கறுப்பு. எண்ணெயை அள்ள வந்த ஆட்கள் யார் தெரியுமா? வலை பாழான அதே மீனவர்கள். கைப்பிடி வைத்த டப்பாவாலும் வாளியாலும் அள்ளினார்கள். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே மோதி எண்ணெய் கசிந்தபோதும் வாளிதான். ஆறு வருஷத்தில் தொழிற்சாலைகள் வளர்ந்தன, வாளி மாறவில்லை. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. எண்ணெய் மூடிய அடியில் இறால் திரும்பி வர எத்தனை மாதம் ஆகும் என்ற கணக்குக்கு அந்தத் தொகையில் இடமில்லை.

அந்தக் கறுப்பு கழுவப்படுவதற்குள் டிசம்பர் 26 இரவு. எண்ணூர் பெரியகுப்பத்தருகே உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. தூக்கத்தில் கண் எரிந்து, மூச்சு முட்டி, பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஜனங்கள் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 2004இல் ஆழிப்பேரலை வந்ததும் டிசம்பர் 26தான். அதன் நினைவுநாளான அன்று காலையில் கடலைத் தீபமேற்றிக் கும்பிட்டுவிட்டு வந்தவர்கள், ராத்திரியே மறுபடி ஓட வேண்டியிருந்தது. கடல் வந்தால் மேட்டுக்கு ஓடு என்று பாட்டிமார் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். காற்று வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆறு மணிப் பேருந்து

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு விடியற்காலையில் கிளம்பும் பேருந்தில் இரண்டு கூட்டம் ஏறும். பின்பக்கம் மீன்கூடை, ஐஸ் பெட்டி, அன்னக்கூடையோடு பெண்கள். முன்பக்கம் சீருடைச் சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாகப் பையன்கள். சிப்காட்டுக்கும் துறைமுகத்துக்கும் கன்டெய்னர் யார்டுக்கும் போகிறவர்கள். ஒரே தெருக்காரர்கள்தான், பல நேரம் ஒரே வீட்டுக்காரர்கள். மாதச் சம்பளம் வந்த பிறகு பெண் கொடுக்க யோசிக்கிறவர்கள், கம்பெனி வேலையா தொழிலா என்று முதலில் கேட்கிறார்கள். 'தொழில்' என்றால் இங்கே கடல் என்று அர்த்தம். 2011 கிறிஸ்துமஸ் அன்று ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த பிறகு சுற்றுலாப் படகுக்கும் தடை வந்ததால், தண்ணீரில் சம்பாதிக்க இன்னொரு வழியும் அடைபட்டுவிட்டது.

அட்டை மாட்டியவர்களுக்குக் கடல் மறந்துவிட்டதா என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. பேருந்து கிளம்பும் நேரம் கூடையோடு ஒரு பெண் ஓடிவந்தார். முன்பக்கத்துப் பையன் ஒருவன் இறங்கிப் போய்க் கூடையை வாங்கி ஏற்றிவிட்டான். தூக்கிவிட்ட கையோடு அவன் கேட்டது, ராத்திரி முகத்துவாரத்தில் தண்ணீர் எவ்வளவு என்பதைத்தான். அவர் பதில் சொல்லவில்லை. படியில் ஒரு காலை ஊன்றியபடி, சேலையை ஒதுக்கி, முட்டிக்கு மேல் நான்கு விரலை வைத்துக் காட்டினார்.